ரெண்டு வயசு நெருங்குற குழந்தை: சாப்பிடல, பேசல, அடம் – மருந்துக்கு முன்னாடி பால் கணக்கு

ராகிக்கூழ் (உணவு ஆலோசகர்)

20 மாசத்துக்கு மேல வர்ற கேள்விகள் சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வந்து நிக்குது: "ஒரு வயசு வரைக்கும் கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டான், இப்போ ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. பசியைத் தூண்ட எந்த டானிக் நல்லது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதுறதை விட ஒரே இழையா போட்டுடலாம்.

பசி குறையறது முதல்ல நோயே இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணையில ஆண் குழந்தையோட நடு அளவைப் பாருங்க: பிறக்கும்போது 3.3 கிலோ, ஒரு வயசுல 9.6, ரெண்டு வயசுல 12.2. முதல் வருஷம் ஆறு கிலோவுக்கு மேல ஏறின உடம்பு, ரெண்டாவது வருஷம் ரெண்டரை கிலோ சுமார்தான் ஏறும். பெண் குழந்தைக்கு 3.2, 8.9, 11.5. ஒன்றரை வயசுக்கு மேல மாசம் 200 கிராம் ஏறினாலே சரியான பாதைதான். அவ்வளவுக்குத் தேவையான பசிதான் எடுக்கும்.

அடுத்தது பால். ஒரு நாள் முழுக்க, ராத்திரியும் சேர்த்து, எத்தனை மி.லி. போகுதுன்னு எழுதி வைங்க. "கொஞ்சம்தான் குடிக்கிறான்"னு சொல்ற வீட்டுல கணக்கெடுத்தா 800, 900 சாதாரணமா வரும். தூக்கக் கலக்கத்துல கொடுக்கிற புட்டியை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல. பச்சை பாக்கெட் ஆவின் பால்ல கொழுப்பு 4.5 சதவீதம், லிட்டருக்கு 720 கலோரி சுமார். 800 மி.லி. குடிச்சா 580 கலோரி உள்ளே போயிடுது. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஆயிரம் கலோரி அளவுதான் தேவை. புட்டிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, சத்து பானப் பொடின்னு சேர்த்தா மிச்ச இடமும் போச்சு. சோத்துக்கு வயித்துல எங்க இடம்?

வரம்பு: நாளைக்கு 400 மி.லி., மிஞ்சிப்போனா 500. தயிரும் இதுக்குள்ளதான் வரும். தாய்ப்பால் வேற கணக்கு. ரெண்டு வயசும் அதுக்கு மேலயும் தொடரலாம். ஆனா பால் குடிச்சிட்டே தூங்கி, ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்து குடிக்கிற குழந்தைக்கும் காலையில பசி இருக்காது.

ஸ்டெத்தும்_சிலேட்டும் (குழந்தை மருத்துவர்)

மேலே சொன்னதோடு ரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்டர் கணக்கில் பால் குடிக்கும் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், எடைக் கோடும் சரியாகப் போகும். அதனாலேயே பலருக்குச் சந்தேகம் வருவதில்லை. 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு 8 மி.கி. இரும்புச்சத்து தேவை. பசும்பாலில் லிட்டருக்கு அரை மி.கி. அளவே இருக்கிறது. அதோடு பாலின் கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. மிக அதிகமாகப் பால் குடிக்கும் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டு. இரும்பு குறைந்தால் பசி மேலும் மந்தமாகும். சோறு இறங்காததால் வீட்டில் இன்னொரு புட்டி கொடுப்பார்கள். இந்தச் சுழலை எந்த டானிக்கும் உடைக்காது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனவே "எங்கள் வீட்டில் நன்றாகத்தானே சாப்பிடுகிறோம்" என்பதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஹீமோகுளோபின் எல்லையும் இரண்டாவது பிறந்தநாளில் மாறுகிறது: உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 6–23 மாதத்துக்கு 10.5 கிராமுக்கு (100 மி.லி. ரத்தத்தில்) கீழே, 24 மாதம் முதல் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: மண், சுவர்ச் சுண்ணாம்பு, விபூதி, சாக்பீஸ் தின்பது, உள்ளங்கை ரேகை வெளுத்திருப்பது, காரணமில்லாத எரிச்சல், புரண்டு புரண்டு படுக்கும் தூக்கம்.

மல்லிகா_ஊஞ்சல்

சரி, புட்டியை எடுத்தா ராத்திரி முழுக்க அழுமே. அக்கம்பக்கமும் தூங்க முடியாது. எந்தப் புட்டியை முதல்ல எடுக்கிறது? ஒரேயடியா நிறுத்தணுமா?

ராகிக்கூழ்

பகல்ல இருந்து ஆரம்பிங்க. ராத்திரிதான் கஷ்டமான பகுதி, அதைக் கடைசியில வைங்க.

முதல் நாலு நாள், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி பால் கிடையாது. தண்ணி மட்டும். பாலை நிறுத்த வேண்டாம், சாப்பிட்ட பிறகு தம்ளர்ல 100 மி.லி. கொடுங்க. இதை மாத்தினாலே மதியச் சோறு கொஞ்சம் இறங்கும்.

அடுத்து பகல் புட்டி எல்லாத்தையும் தம்ளருக்கு மாத்துங்க. சின்ன எவர்சில்வர் தம்ளர், கால்வாசி நிரப்பி. மூக்கு வெச்ச சிப்பர் வாங்காதீங்க. அதுவும் புட்டியோட தம்பிதான், பிடிச்சுக்கிட்டே வீடெல்லாம் சுத்துவாங்க. தம்ளர்ல குடிக்கும்போது அளவு தானாவே குறையும், ஏன்னா சப்புற சுகம் அதுல இல்ல. சிந்தும், துடைச்சுக்கலாம்.

கடைசியில ராத்திரிப் புட்டி. 180 மி.லி. புட்டின்னா முதல் மூணு ராத்திரி 150 பால், 30 தண்ணி. அடுத்த மூணு ராத்திரி 120-க்கு 60. இப்படி மூணு ராத்திரிக்கு ஒரு தடவை 30 மி.லி. மாத்திட்டே போனா ரெண்டரை வாரத்துல வெறும் தண்ணியாயிடும். வெறும் தண்ணிக்காக எழுந்திருக்கிறதைப் பெரும்பாலான குழந்தைங்க தானாவே விட்டுடும். இந்தத் தண்ணி கலக்குற வேலை ராத்திரிப் புட்டியை நிறுத்தறதுக்கு மட்டும்தான். பகல் பாலை நீர்க்கக் கொடுக்காதீங்க. எடை குறைவா இருக்கிற குழந்தைக்கு இதைத் தொடங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

வழக்கமா சொதப்புற இடம் ஒண்ணு இருக்கு. ராத்திரி தண்ணி கலந்து கொடுக்கிற அதே வாரத்துல, பகல்ல பாட்டியோ தாத்தாவோ "பாவம், பட்டினி கிடக்குது"ன்னு ஒரு புட்டி கூடுதலா கொடுத்துடுவாங்க. மொத்தக் கணக்கு மாறவே மாறாது. வீட்டுல இருக்கிற எல்லாரும் ஒரே தாளில எழுதணும். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க. ஜுரம், பேதி, ஊர்ப் பயணம், தம்பி பாப்பா பிறந்த மாசம், இந்த நேரத்துல எல்லாம் ஆரம்பிக்காதீங்க.

பல்லாங்குழி (பல் மருத்துவர்)

ராத்திரிப் புட்டிக்கு என் பங்குக்கும் ஒரு குட்டு. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பு குறையும். பால் மேல் முன்பற்களைச் சுத்தி தேங்கி நிக்கும். மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறை ஒட்டி, பல்லு மேல சுண்ணாம்பு தடவின மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு தெரிஞ்சா அதுதான் சொத்தையோட முதல் படி. இந்தக் கட்டத்துல ஃபுளோரைடு வார்னிஷ் போட்டு நிறுத்த முடியும். பழுப்பாகி உடைய ஆரம்பிச்சா வேலை பெருசு. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கிறதால அங்க பாதிப்பு இருக்காது. "கீழ்ப் பல்லு நல்லாத்தானே இருக்கு"ன்னு ஏமாந்துடாதீங்க.

ஃபுளோரைடு இருக்கிற பேஸ்ட், 1000 பி.பி.எம்., ஒரு அரிசி அளவு. மூணு வயசு வரைக்கும் அவ்வளவுதான். காலையிலயும் ராத்திரி படுக்கும் முன்னாடியும். துப்பத் தெரியலன்னாலும் பரவாயில்ல, அந்த அளவு ஆபத்தில்ல. குழந்தையை மடியில மல்லாக்கப் படுக்க வெச்சு, தலைப்பக்கம் இருந்து துலக்கினா உள்பக்கம் தெரியும்.

கடைவாய்ப் பல்லு ரெண்டாவது ஜோடி 23-லிருந்து 33 மாசத்துக்குள்ள வரும். அந்தச் சமயம் கொஞ்சம் எரிச்சல், ஒரு பக்கமா மெல்லுறது இருக்கலாம். 102 டிகிரி காய்ச்சலையும் பேதியையும் பல்லு மேல போடாதீங்க, அதுக்கு வேற காரணம் இருக்கும்.

கிராமச்_செவிலி

பசி இல்லன்னதும் எங்க பக்கம் முதல்ல ஓடுறது தொக்கம் எடுக்கத்தான். தொண்டைக்குள்ள விரலை விட்டு, இல்ல வயித்தை அமுக்கி, "பாருங்க, இது மாட்டியிருந்துச்சு"ன்னு ஒரு சாதப் பருக்கையையோ முடியையோ காட்டுவாங்க. யோசிச்சுப் பாருங்க, நிஜமாவே தொண்டையில மாட்டியிருந்தா அதே குழந்தை எப்படி கடகடன்னு 200 மி.லி. பால் குடிக்கும்? உண்மையிலேயே மாட்டினா எச்சில்கூட முழுங்காது, வாயோரம் வழியும், இருமும், மூச்சு இழுக்கும். அப்போ போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. விரல் விடுறதுல தொண்டை கிழியும், வாந்தி புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

வசம்பு உரசி நாக்குல தடவுறதும் வேண்டாம். பசிக்கும் உதவாது, பேச்சுக்கும் உதவாது, வாந்திதான் மிச்சம்.

தக்காளிச்சாதம்

என்ன கொடுத்தா சாப்பிடும்னு யாராவது அளவோட எழுதுங்களேன். "சத்தான உணவு கொடுங்க"ன்னு சொன்னா ஒண்ணும் புரியல.

ராகிக்கூழ்

ஒரு வேளைக்கு 250 மி.லி. கப்புல முக்கால்லேருந்து ஒரு கப். மூணு வேளை அப்படி, நடுவுல ரெண்டு தடவை சின்னதா. மாதிரிக்கு ஒரு நாள்:

காலை எழுந்ததும் தண்ணி. எட்டரைக்கு ரெண்டு சின்ன இட்லி, அல்லது ஒரு தோசை. பருப்பு கெட்டியா போட்ட சாம்பார், அரை ஸ்பூன் நெய். முடிச்சதும் பால் 150. பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம் இல்ல கொய்யா சீவினது. ஒரு மணிக்கு முக்கால் கப் குழைஞ்ச சாதம், ரெண்டு மேசைக்கரண்டி பருப்பு, ஒரு மேசைக்கரண்டி கீரை, நெய். சாதத்துல எலுமிச்சை நாலு சொட்டு. கீரை, பருப்புல இருக்கிற இரும்பு உடம்புல சேர வைட்டமின் சி வேணும். நாலு மணிக்கு வேகவெச்ச சுண்டல் நசுக்கினது, அல்லது அங்கன்வாடி சத்துமாவு உருண்டை. ஏழரைக்கு ஒரு முட்டை, கூட இடியாப்பமோ சப்பாத்தியோ. அப்புறம் பால் 150. பால் அத்தோட சரி.

அசைவம் சாப்பிடுற வீடுன்னா வாரம் ஒரு தடவை கோழி ஈரல் 30 கிராம், நல்லா வெந்தது. எந்தக் கீரையையும் விட அதுல இருக்கிற இரும்பு சுலபமா சேரும். வாரம் ஒண்ணுக்கு மேல வேண்டாம், வைட்டமின் ஏ அதிகமாயிடும். மீன்னா சங்கரா, நெத்திலி; முள்ளை விரலாலயே தடவிப் பாருங்க.

கேழ்வரகு கால்சியத்துக்கு அருமை, 100 கிராம்ல 340 மி.கி.க்கு மேல. அதனாலதான் பாலைக் குறைச்சா எலும்பு என்னாகும்ங்கிற பயம் வேண்டாம், 400 மி.லி. பாலும் ஒரு வேளை ராகியும் இருந்தா இந்த வயசுக்கான 500 மி.கி. தாண்டிடும். ஆனா ராகி ஒண்ணே இரும்பு வேலையையும் பார்த்துடும்னு நினைக்காதீங்க.

டீயில பன் தொட்டுக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுடுங்க. டீயோட துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுடும்.

இன்னொண்ணு, மிக்ஸி. 22 மாசத்துலயும் சாதத்தை மிக்ஸியில அரைச்சு டிவி முன்னாடி ஊட்டுற குழந்தை, ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிக்கும். மெல்லப் பழகலைங்கிறதுதான் காரணம். மிக்ஸியிலிருந்து மத்துக்கு, மத்துலேருந்து கையால பிசையறதுக்கு, வாரம் ஒரு படி மாறுங்க. கூடவே தட்டுல கையில எடுத்துத் தின்னுற மாதிரி ஒண்ணு: தோசைத் துண்டு, வெந்த கேரட் விரல் நீளத்துக்கு. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், பட்டாணி கூடாது, புரையேறும். சாப்பாட்டு நேரம் 25 நிமிஷம். அப்புறம் தட்டை எடுத்துடுங்க, திட்டாம, கெஞ்சாம. அடுத்த வேளை வரைக்கும் பிஸ்கட் டப்பா திறக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் எல்லா வீட்டுலயும் தோக்குது.

மல்லிகா_ஊஞ்சல்

அரைச்ச சாப்பாடு கொடுத்தா பேச்சும் லேட்டாகும்னு சொல்றாங்களே?

மழலைமொழி (பேச்சுப் பயிற்சியாளர்)

அப்படி நேரடியா முடிச்சுப் போட முடியாது. மெல்லுறதும் பேசறதும் ஒரே வாயாலதான், ஆனா மூளை அதை வேற வேறயா நடத்துது. நல்லா முறுக்கு கடிக்கிற குழந்தைக்கும் பேச்சு தாமதமாகலாம். மெல்லப் பழக்குங்க, அது சாப்பாட்டுக்காக.

பேச்சுக்கு வருவோம். 24 மாசத்துல எதிர்பார்க்கிறது ஏறத்தாழ 50 வார்த்தை, கூடவே ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்றது. எண்ணும்போது பெத்தவங்க ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க.

சில பேர் கஞ்சத்தனமா எண்ணுவாங்க. "பூவா", "தாச்சி", "ஜோஜோ", நாய்க்கு "பௌ பௌ", வண்டிக்கு "டுர்", அக்கா பேரை அரைகுறையா சொல்றது, எல்லாமே வார்த்தைதான். உச்சரிப்பு சரியா இருக்கணும்னு இல்ல; ஒரே பொருளுக்கு ஒவ்வொரு தடவையும் அதே ஒலி வந்தா போதும். வீட்டுல தமிழும் தெலுங்கும், இல்ல தமிழும் இங்கிலீஷும் இருந்தா எல்லா மொழி வார்த்தையையும் கூட்டுங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சு தாமதமாகாது.

சில பேர் தாராளமா எண்ணுவாங்க. யூடியூப் பாட்டை முழுசா ஒப்பிக்கிறது, ஏ பி சி டி சொல்றது, நாம கேட்டதையே திருப்பிச் சொல்றது, இதெல்லாம் கணக்குல வராது. தண்ணி வேணும்னா அதுக்கு ஒரு வார்த்தை வருதாங்கிறதுதான் கேள்வி. ரெண்டு வார்த்தைத் தொடருக்கும் ஒரு சோதனை இருக்கு. "டாட்டாபைபை" ஒரே கட்டியா வரும், அது ரெண்டு வார்த்தை இல்ல. "தண்ணித்தா"வும் கட்டியா இருக்கலாம். ஆனா அதே குழந்தை "பந்து தா", "பால் தா", அப்புறம் "தண்ணி வேணாம்"னு துண்டுகளைப் பிரிச்சு மாத்திக் கோத்தா, அது நிஜமான தொடர்.

வார்த்தை எண்ணிக்கையை விட நான் முதல்ல கேட்கிறது சுட்டு விரல். மொட்டை மாடியில காக்காயைப் பார்த்ததும் விரலை நீட்டிட்டு, உடனே உங்க முகத்தைத் திரும்பிப் பார்க்குதா, "நீயும் பார்த்தியா?"ங்கிற மாதிரி? பிஸ்கட் வேணும்னு காட்டுறது ஒண்ணு, இது வேற. இது 18 மாசத்துக்குள்ள வந்திருக்கணும்.

கோவைக்காரன்

ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும். எங்க சொந்தத்துல எல்லாமே மூணு வயசுலதான் பேசுச்சுங்க. சும்மா பயமுறுத்தாதீங்க.

மழலைமொழி

சராசரியில ஆண் குழந்தைங்க கொஞ்சம் பின்னாடிதான், உண்மை. அந்த வித்தியாசம் மாசக் கணக்குல இருக்குமே தவிர வருஷக் கணக்குல இல்லைங்க. தானாப் பேசிடுற குழந்தைங்களும் நிறைய உண்டு. ஆனா 24 மாசத்துல எந்தக் குழந்தை தானாப் பேசும், எதுக்கு உதவி வேணும்னு வெளியிலேருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால மூணு வயசு வரைக்கும் காத்திருக்கிறதுல லாபம் எதுவும் இல்ல. பயிற்சின்னா மருந்து ஊசி இல்ல, விளையாட்டுதான்.

நாக்கு ஒட்டியிருக்குன்னு வெட்டி விடுறதால வார்த்தை வராது. நாக்கு ஒட்டினா சில ஒலி மழுங்கும். பேச்சே இல்லாததுக்கு அது காரணம் ஆகாது.

வீட்டுல செய்ய வேண்டியது: தரையில உக்காந்து முகத்துக்கு நேர் முகமா பேசுங்க. "இது என்ன? அது என்ன கலர்?"னு பரீட்சை வைக்காதீங்க. குழந்தை "கா!"ன்னா நீங்க "காக்கா. காக்கா பறக்குது"ன்னு ஒரே ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லுங்க. டப்பா மூடியைத் திறக்காமக் கையில கொடுத்துட்டு, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அந்தப் பத்து நொடி மௌனத்தைத் தாங்குறதுதான் கஷ்டம், நாமளே "திறக்கணுமா தங்கம்?"னு சொல்லிடுறோம், அப்புறம் குழந்தை எதுக்குப் பேசணும்? "வாழைப்பழமா, தோசையா?"னு ரெண்டையும் கையில காட்டிக் கேளுங்க. போன், டிவி ரெண்டு வயசு வரைக்கும் கிடையாது, வெளியூர் அப்பாவோட வீடியோ கால் தவிர. பின்னணியில சீரியல் ஓடுற வீட்டுல பெரியவங்க குழந்தைகிட்டப் பேசுறதே குறைஞ்சு போகுது.

ஸ்டெத்தும்_சிலேட்டும்

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 18 மாதத்தில் நடக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வருகிறது. சுட்டிக் காட்டுவதில்லை. 24 மாதத்தில் தானாகச் சொல்லும் இரண்டு வார்த்தைத் தொடர் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, வந்த வார்த்தைகள் காணாமல் போவது. எந்த வயதில் நடந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

முதல் படி கேட்கும் திறன் பரிசோதனை. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு "காது கேட்குது" என்று முடிவு செய்யாதீர்கள். காற்றசைவுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். ‘பெரா’ சோதனை (ஒலிக்கு மூளை தரும் பதிலைப் பதிவு செய்வது) தூக்கத்தில் செய்வது, வலிக்காது. முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி அழைத்துப் போனால் மயக்க மருந்து இல்லாமலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஆட்டிசம் சல்லடைக்கு ‘எம்-சாட்’ வினாப்பட்டியல் 16 முதல் 30 மாதம் வரை பொருந்தும், 20 கேள்விகள். 0–2 குறைந்த அபாயம். 3–7 வந்தால் தொடர் கேள்விகள் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக நிபுணரிடம். அந்த எண் நோய்ப் பெயர் அல்ல, அடுத்து எங்கே போவது என்பதற்கான குறிப்பு. அரசுப் பக்கம் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், காது, கண் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் இலவசம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருபவை. தனியாரில் முன்பதிவுக்குக் காத்திருக்கும் வாரங்களிலும் மழலைமொழி சொன்ன வீட்டு வேலையைத் தொடங்கிவிடலாம்.

கிராமச்_செவிலி

தடுப்பூசிப் பகுதி சுருக்கமா. 16–24 மாசத்துக்குள்ள அரசு அட்டவணையில தட்டம்மை-ரூபெல்லா ரெண்டாவது, டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) முதல் ஊக்க ஊசி, போலியோ சொட்டு ஊக்கத் தவணை. மூளைக்காய்ச்சல் பாதிப்பு இருக்கிற மாவட்டங்கள்ல ஜே.இ. ரெண்டாவதும். ரெண்டு வயசு முடியறதுக்குள்ள அட்டையை எடுத்துப் பாருங்க. தப்பிப்போறது இந்தக் கட்டம்தான், ஒரு வயசுக்கு அப்புறம் பலர் அட்டையையே மறந்துடுறாங்க.

ஊசி போட்ட அன்னைக்கு காய்ச்சல் மருந்துல ஒரு எச்சரிக்கை. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. 11 கிலோ குழந்தைக்கு 165 மி.கி. ஆனா கடையில மூணு விதமா இருக்கு: 5 மி.லி.ல 120 மி.கி. சிரப்புன்னா ஏழு மி.லி.க்குச் சற்றுக் குறைவு, 5 மி.லி.ல 250 மி.கி. சிரப்புன்னா 3.3 மி.லி.; 1 மி.லி.ல 100 மி.கி. சொட்டு மருந்துன்னா 1.6 மி.லி. "போன தடவை அஞ்சு மி.லி. கொடுத்தோம்"னு சொட்டு மருந்தை அஞ்சு மி.லி. ஊத்தினா மூணு பங்கு போயிடும். லேபிளைப் படிங்க. ஆறு மணி நேர இடைவெளி.

வைட்டமின் ஏ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 2 மி.லி., ரெண்டு லட்சம் யூனிட். அங்கன்வாடியிலயும் தனியார் கிளினிக்லயும் ரெண்டு இடத்துல வாங்கிடாதீங்க.

இரும்பு சிரப் அரசு கொடுக்கிறது வாரம் ரெண்டு நாள், 1 மி.லி., அதுல 20 மி.கி. இரும்பு. பாலோட கொடுத்தா வீண். ரத்தசோகை உறுதியானா டாக்டர் தினசரி அளவு தருவார், கிலோவுக்கு 3 மி.கி. கணக்குல. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க.

தக்காளிச்சாதம்

அங்கன்வாடியில போன மாசம் 86.5 செ.மீ., இந்த மாசம் 86.1. உயரம் குறையுமா? ரெண்டு வயசு இப்போதான் முடிஞ்சுது.

கிராமச்_செவிலி

குறையல. ரெண்டு வயசு வரைக்கும் படுக்க வெச்சு நீளம் அளப்போம், அப்புறம் நிக்க வெச்சு உயரம். நின்னா முதுகெலும்பு அமுங்கி 0.7 செ.மீ. குறைச்சுக் காட்டும். அட்டவணையே அந்த இடத்துல ஒரு படி இறங்கித்தான் இருக்கும்.

யாழ்_தாதி

எங்கட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து இருக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கை அட்டவணையில தட்டம்மைக்கான ரெண்டாவது எம்.எம்.ஆர். ஊசி மூண்டு வயசிலதான். 18 மாசத்தில முக்கூட்டும் (டி.பி.டி.) போலியோவும். அதால இங்க சுகாதார நிலையத்தில "தட்டம்மை ரெண்டாவது விட்டுப்போச்சு" எண்டு சொல்லுவினம். பிள்ளையின்ர சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கட்டாயம் கொண்டுபோய்க் காட்டுங்கோ. ரெண்டு நாட்டு அட்டவணையையும் பாத்து மருத்துவர் முடிவெடுக்கட்டும்.

மல்லிகா_ஊஞ்சல்

அடம் பிடிச்சு அழும்போது மூச்சே நின்னு நீலமாயிடுது. வலிப்பா?

ஸ்டெத்தும்_சிலேட்டும்

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கோபம் அல்லது வலி, ஓர் அழுகை, மூச்சை வெளியே விட்ட நிலையில் நின்றுபோவது, நீலம், தளர்ச்சி, ஒரு நிமிடத்துக்குள் இயல்பு. இது மூச்சடக்கம், வலிப்பு இல்லை. குழந்தை வேண்டுமென்று செய்வதும் இல்லை. காரணமே இல்லாமல் வந்தாலோ, தூக்கத்தில் வந்தாலோ, ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ வேறு கதை. பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் முறை என்றால் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புக் குறைபாட்டைச் சரிசெய்தால் பல குழந்தைகளுக்கு இது குறைகிறது. பால் கணக்கை இங்கேயும் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

தக்காளிச்சாதம்

மலம் போக மூணு நாள் ஆகுது. கதவுக்குப் பின்னாடி போய் நின்னு காலைப் பின்னிக்கிட்டு முகம் சிவக்க முக்குறா, ஆனா வரல.

ஸ்டெத்தும்_சிலேட்டும்

முக்கவில்லை, அடக்குகிறாள். ஒரு முறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும். அடுத்த முறை பயத்தில் கால்களைப் பின்னி, நுனிக்காலில் நின்று உள்ளே இழுத்துக்கொள்வார்கள். உள்ளே தங்கத் தங்க நீர் வற்றி மேலும் கெட்டியாகும். பாலைக் குறையுங்கள், கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சையை நசுக்கிக் கொடுங்கள், தண்ணீர் அடிக்கடி. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மலமிளக்கி தேவைப்படும். அதை ஓரிரு நாளில் நிறுத்திவிடுவதால்தான் மறுபடி திரும்புகிறது. வலியில்லாமல் போகும் பழக்கம் பதிய மாதக்கணக்காகும். சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பதை நிறுத்துங்கள், பயம் கூடும். கழிப்பறைப் பழக்கத்தையும் இது சரியாகும்வரை தள்ளிப்போடுங்கள்.

கிராமச்_செவிலி

பாதுகாப்புக்கு ஒரு பதிவு போட்டுடுறேன், இந்த வயசுல கை எட்டுற உயரம் வாரா வாரம் மாறுது. பூஜை அலமாரி கற்பூரம்: வெள்ளையா, மிட்டாய் மாதிரி. ஒரு கிராம்கூட சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும், அதுவும் நிமிஷக் கணக்குல. தின்னுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, 108. கற்பூரம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெயை நெஞ்சுல, மூக்குல தடவுறதும் ரெண்டு வயசுக்குள்ள வேண்டாம்.

அம்மா மறுபடி மாசமா இருந்தா வீட்டுல சிவப்பு இரும்பு மாத்திரை இருக்கும். ஒரு மாத்திரையில 60 மி.கி. பத்து மாத்திரை தின்னா 600. 11 கிலோ குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தான எல்லைகிட்ட. பூட்டி வைங்க. கொதிக்கிற ரசச் சட்டியைத் தரையில இறக்காதீங்க. பாத்ரூம் வாளியில ராத்திரி தண்ணி பிடிச்சு வைக்காதீங்க. தலை கனம் அதிகம், குப்புற விழுந்தா எழ முடியாது. ரிமோட் பின்பக்க மூடிக்கு டேப் ஒட்டுங்க, பட்டன் பேட்டரி முழுங்கினா உணவுக்குழாயை ரெண்டு மணி நேரத்துல அரிச்சுடும்.

கோவைக்காரன்

சரிங்க, ஒரு சந்தேகம். பூச்சி மாத்திரை நாள் பிப்ரவரி 10. குழந்தைக்கு ரெண்டு வயசு பிப்ரவரி 14-ல. பாதியா முழுசாங்க?

கிராமச்_செவிலி

பாதி. அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையில 1 முதல் 2 வயசு வரைக்கும் 200, ரெண்டு முடிஞ்சவங்களுக்குத்தான் முழுசு. பாதி மாத்திரையா இருந்தாலும் ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வெச்சு நுணுக்கி, தண்ணியில கலந்து, உக்கார வெச்சுக் கொடுங்க. அழும்போது மூக்கைப் பிடிச்சு ஊத்தாதீங்க, மாத்திரைத் தூளே புரையேறும். அன்னைக்குக் காய்ச்சல் இருந்தா விட்டுட்டு, விடுபட்டவங்களுக்கான நாள்ல வாங்கிக்கோங்க. ஆகஸ்ட் 10-ல முழு மாத்திரை.